மூன்றாம் அடுக்கு, வியாழக்கிழமை

கடல் இல்லாத ஊரில் படகு கட்டக் கற்றுக்கொண்டவள் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெங்களூரில் இருந்துகொண்டு படகா என்று அன்றைக்கு எங்கள் ஆஸ்டின் டவுனே சிரித்தது. ஒன்பது மாதம் கற்றுக்கொண்டேன், நன்றாகவே கற்றுக்கொண்டேன், கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இத்தனை வருஷமாகியும் கோபம் ஆறவில்லையா என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். தொம்மலூரைத் தாண்டி வெட்டவெளியில் ஒரு நீளத் தகரக் கொட்டகை எழும்பியது. பைபர் கிளாஸ் படகு கட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆறு தாண்டவும், வெள்ளத்தில் மாட்டியவர்களை ஏற்றி வரவும், நாலு பேர் தோளில் தூக்கிப் போகிற மாதிரி லேசான படகு வேண்டுமாம். மரப்படகு கனம், தண்ணீரில் ஊறும், வெயிலில் பிளக்கும். இது கண்ணாடி நாரில் செய்வது. பயிற்சி ஒன்பது மாதம், கடைசியில் ஒரு பரீட்சை, தேறினால் அங்கேயே நிரந்தர வேலை. எந்த இலாகா, எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த நிரந்தர வேலை எனக்கு வேண்டியிருந்தது. அப்பா தையற்காரர். கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு உடுப்பு தைத்துப் பேர் வாங்கியவர். துரைகள் கப்பலேறிப் போனதும் கடை பாதியானது. பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து மீதிப் பாதியும் போனது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டார், அப்புறம் அளவெடுக்க, அப்புறம் துணி வெட்ட. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். அண்ணன் தம்பி கிடையாது. அம்மாவும் அப்பாவும் நானும் சாப்பிட வேண்டுமென்றால் நான்தான் வேலைக்குப் போக வேண்டும்.

பெண்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். கண்ணாடி நார், பாய் மாதிரிச் சுருட்டி வரும். அதைப் படகின் வளைவுக்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும். ஆண்கள் வெட்டிப் பார்த்ததில் பாதி வீண். யாரோ ஒரு புண்ணியவான், துணி வெட்டத் தெரிந்த பொம்பளைகளைக் கூப்பிடு என்றிருக்கிறார். அப்படிப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி ஸ்ரீராம்புரத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில் தினக்கூலி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கத்தரி பிடித்தால் அவள் கையை யாரும் மிஞ்ச முடியாது. ஆண்கள் பதினொரு பேர். அவர்கள் எல்லாருக்கும் கையெழுத்து போட வரும், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

வேலை இதுதான். படகின் உருவத்தில் குழிவாக ஒரு அச்சு இருக்கும். கடைசியில் படகு ஒட்டாமல் கழன்று வருவதற்காக அச்சை மெழுகு போட்டுத் தேய்ப்போம். மேலே வண்ணப்பூச்சு. அது இறுகியதும் நார்ப்பாயை விரித்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி, ரோலரால் உருட்டி உருட்டி உள்ளே மாட்டிய காற்றை விரட்ட வேண்டும். பிசினை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலப்பது பாலுக்கு உறை ஊற்றுகிற கைப்பக்குவம்தான். கூடினால் டப்பாவிலேயே கல்லாகிப் புகையும், குறைந்தால் மறுநாளும் பிசுபிசுக்கும். மார்கழிக் குளிருக்கு ஒரு அளவு, சித்திரைக்கு ஒரு அளவு. ஒரு அடுக்கு இறுகிய பிறகு அடுத்தது. நாலு அடுக்கு சேர்ந்தால் படகு. நடுவே தூசியோ எண்ணெயோ பட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. ஒட்டின மாதிரி நடிக்கும். மாதக்கணக்கில் கூட நடிக்கும்.

ஒவ்வொரு அடுக்கு முடியும்போதும் ஒரு மெல்லிய தாளில் எத்தனையாவது அடுக்கு, என்ன கிழமை, யார் போட்டது என்று எழுதி ஈரப் பிசினிலேயே பதித்துவிடுவோம். பிசின் இறுகியதும் தாள் கண்ணுக்குத் தெரியாது, எழுத்து மட்டும் உள்ளே நிற்கும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எல்லாப் படகிலும் என் எழுத்துதான், ஆண்கள் பெயரின் முதலெழுத்துகளோடு.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை மாஸ்டர் என்போம். ரெண்டு தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை; பேச்சில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"வெட்டறவளுக்கு ரோலர் பிடிக்கத் தெரியக்கூடாதா சார்?" என்று அவரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"கையெல்லாம் பொத்துப் போகும்மா. சும்மா இரு," என்று சிரித்தார்.

சும்மா இருக்க நான் என்ன சாமி சிலையா? வெட்டும் வேலைக்குத் தேறினால் கிடைப்பது தினக்கூலிதான், நிரந்தர வேலை படகில் அடுக்கு போடுகிறவர்களுக்கு மட்டும். அதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு அவரை விட்டேனா? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்டேன். ஒரு நாள் ரெண்டு ஆண்கள் காய்ச்சலில் வரவில்லை. "பா, பண்ணித் தோர்சு, பார்க்கலாம்," என்று, வந்து செய்து காட்டச் சொல்லி ரோலரைக் கையில் கொடுத்தார். போட்டேன். மறுநாள் அவர் காசால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றார். அன்று முதல் நானும் அக்காவும் படகிலும் வேலை செய்தோம். அக்காவுக்கு ஆசை இல்லை, என் நச்சரிப்புக்காக வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொன்னதாகாது. கண்ணாடித் தூள் கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பு என்று போய் உட்கார்ந்துகொள்ளும். சோறு சாப்பிடும்போதும் அரிக்கும், கோயிலில் கைகூப்பி நிற்கும்போதும் அரிக்கும். பிசின் நெடியில் உடம்பு வேறு கொதிக்கும். அதற்கு எல்லாரும் கண்ட ஒரே மருந்து எண்ணெய்க் குளியல். எங்கள் ஜனங்களிடம் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. மாற்றிக் குளித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு வந்தோம். கொட்டகை முழுக்கச் சீயக்காய் வாசனை. மாஸ்டர் மூக்கைச் சுளித்தார்.

"தலை நிறைய எண்ணெய், ஈரம். இதோட படகு கிட்ட வந்தா லேயர் ஒட்டுமா? இனிமே செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நீங்க கட்டிங் டேபிள்ளயே இருங்க," என்றார். சொன்னதோடு விடாமல் கரும்பலகையிலும் எழுதிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணெய் பட்டால் ஒட்டாதுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போனால் நான் எப்படிக் கற்றுக்கொள்வது? அதனால் எண்ணெய்க் குளியலையே விட்டேன். வெறும் தண்ணீரில் குளித்து, தலையில் துணி கட்டிக்கொண்டு போனேன். முடி வைக்கோலானது, உடம்பு தீயாய் எரிந்தது. அம்மா தினமும் பாட்டு.

"வெள்ளிக்கெழமை தலை முழுவாத பொண்ணை எங்கனா பாத்துக்கிறியா? மூதேவிதான் வந்து குந்தும் வீட்ல!"

"வேலை கெடச்சா சீதேவி வருவா, சும்மா கெடம்மா," என்பேன்.

ஒரு மாதம் கழித்து மாஸ்டரிடம் போய் நின்றேன். "சார், நான் இப்ப எண்ணெயே தொடறதில்ல. செவ்வாய், வெள்ளியும் படகுல வேலை செய்யறேன் சார்."

"போர்டுல எழுதியாச்சேம்மா," என்றார். டஸ்டர் அவர் கையில்தான் இருந்தது.

பரீட்சைப் படகுக்கு மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள், ஒரு படகுக்கு மட்டும் நாலு பேர். எங்கள் இரண்டு பேரோடு ஒரு தச்சரைப் போட்டார்கள். கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்தவர், நாற்பது வயது இருக்கும், அண்ணா என்போம். கைவேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். பொம்பளைகளோடு சேர்த்துவிட்டார்களே என்று அவருக்குள் ஒரு புழுக்கம். முதல் இரண்டு அடுக்கு மூன்று பேரும் சேர்ந்து போட்டோம். மூன்றாம் அடுக்கை வியாழக்கிழமை நானும் அக்காவும் மட்டும் போட்டோம், தச்சர் அன்று வேறு படகுக்குச் சட்டம் இழைக்கப் போயிருந்தார். ஒரு குமிழி இல்லை. மாஸ்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், குறை இருந்தால் விடுகிற ஆளில்லை. '3. வியாழன்' என்று எழுதி, என் முதலெழுத்தையும் அக்காவின் முதலெழுத்தையும் போட்டுப் பதித்தேன். வெள்ளிக்கிழமை நாங்கள் வெட்டுகிற மேஜைக்குப் போய்விட்டோம். சனிக்கிழமை காலை நாலாம் அடுக்கு.

அன்றைக்கு நான் பிசின் கலக்கிக்கொண்டிருந்தேன். தச்சர் கையில்லாத பனியனோடு வந்தார். கறுத்த உடம்பு மின்னியது.

"இன்னாண்ணா, மாப்ள மாதிரி மின்றீங்க?" என்றேன்.

"சனிக்கெழம இல்ல தங்கச்சி? ஒரு கிண்ணம் நல்லெண்ணெ வெச்சு ஊற வுட்டேன். அப்பத்தான் இந்த அரிப்பு கொஞ்சம் அடங்குது," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன். பிறகு அவர் உப்புத்தாளால் மூன்றாம் அடுக்கைத் தேய்த்தார். தச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, மரத்தை இழைத்ததும் தூளை முன்னங்கையால் ஒரே வீச்சில் வழித்துவிட்டு, மழமழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கழுவுகிற திரவத்தால் துடைக்க வேண்டிய இடத்தில் அவர் அப்படித்தான் செய்தார். இடது பக்கம் முழுக்கக் கையை ஓட்டி ஓட்டி வழித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூளையில் ஏறவில்லை. எண்ணெய் என்றால் பொம்பளை என்று கரும்பலகையில் எழுதியிருந்ததைத் தினமும் பார்த்துப் பார்த்து, எனக்கே அப்படி ஆகிவிட்டது.

பரீட்சை அல்சூர் ஏரிக்கரையில், ஒரு புதன்கிழமை. வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்தார், இங்கிலீஷ் தவிர வேறு பேசமாட்டார். எங்கள் படகை இறக்கி மணல் மூட்டை ஏற்றினார்கள். சும்மா வாத்து மாதிரி மிதந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், அக்காகூடச் சிரித்தாள். கரைக்கு இழுத்ததும் ஆபீசர் பையிலிருந்து ஒரு எட்டணாக் காசை எடுத்து உள்பக்கம் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். நன்றாக ஒட்டியிருந்தால் ணங் என்று கேட்கும். வலது பக்கம் முழுக்க ணங். இடது பக்கம் தொப் என்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினார், மறுபடியும் தொப். 

ரம்பம் வாங்கி மேலடுக்கை மட்டும் ஒரு கை அகலத்துக்கு அறுத்தார். நாலாம் அடுக்கு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அதன் கீழே பளிச்சென்று என் எழுத்து தெரிந்தது: 3, வியாழன், இரண்டு முதலெழுத்து.

"இது யார் போட்டது?" என்று இங்கிலீஷில் கேட்டார் ஆபீசர்.

"நானும் அவங்களும்," என்றேன், அக்காவைக் காட்டி.

தச்சர் முந்திக்கொண்டார். "பொம்பளைங்க போட்ட லேயர் சார். தலை எண்ணெ ஒழுவிக்கீது. எப்பிடி சார் ஒட்டும்? நான் அன்னிக்கே சொன்னேன்."

மாஸ்டர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். ஆபீசர் தலையாட்டிவிட்டு மார்க்குத் தாளை எடுத்தார். எங்கள் பெயர் இருந்த வரிக்கு நேரே பேனா போனது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"எழுதாதீங்க சார்! வியாழக்கெழம எவளாவது எண்ணெ வெச்சு முழுவுவாளா? எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அந்த ரெண்டு நாளும் நாங்க படகைத் தொடவே இல்ல, போர்டுல எழுதிக்கீது. நான் எண்ணெ வெச்சே ஆறு மாசம் ஆச்சு. அக்கா, நீ சொல்லுக்கா!"

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இன்னா தெரியும்? நான் வெட்டறவ," என்றாள்.

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கும்போதுதான் தச்சர் பக்கம் திரும்பினேன். பரீட்சை நாளாயிற்றே, நல்ல நாள் என்று மனுஷன் காலையிலேயே முழுகிவிட்டு வந்திருந்தார். நெற்றியில் விபூதி, கை ரெண்டும் மினுமினுவென்று வெயிலில். அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை அவர் கை வழித்த வழியெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தொப்பென்று கேட்ட இடமும் அதே வழிதான்.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. ஆபீசர் கையிலிருந்த மார்க்குத் தாளைப் பிடுங்கினேன். தச்சரின் கையைப் பிடித்து இழுத்து, தாளைப் படகின் மேல் வைத்து, அவர் முன்னங்கையை அதன் மேல் அழுத்தினேன். அவர் திமிறுவதற்குள் முடிந்துவிட்டது. தாளை ஆபீசரிடம் நீட்டிச் சூரியனைக் காட்டினேன். "வெயில்ல புடிச்சுப் பாருங்க சார்."

பிடித்துப் பார்த்தார். நீளமாக ஒரு எண்ணெய்க் கறை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அதன் வழியே சூரியன் தெரிந்தது. பெயர்கள், மார்க்குகள் எல்லாம் அந்தக் கறைக்குள் மங்கலாக நின்றன. ஆபீசர் தச்சரைப் பார்த்தார், உரிந்த இடத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கெட்டிக்காரப் பெண் என்று இங்கிலீஷில் மாஸ்டரிடம் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.  "சீ, பொம்பளையா இவ?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்றைக்கு ஏரிக்கரையிலிருந்து ஆஸ்டின் டவுன் வரைக்கும் நடந்தேனா பறந்தேனா தெரியாது. அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண் தெரியாமலே என் பக்கம் திரும்பி, "தப்பு எங்க இருக்குன்னு காட்டிட்டே இல்ல? போதும். வேலை உனுக்குத்தான்," என்றார். அம்மா அன்று என்னைத் திட்டவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே மூன்று பேரும் படுத்தோம்.

திங்கட்கிழமை கொட்டகைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினொரு ஆண்களுக்கும் நிரந்தரம். அதில் தச்சரின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'படகைச் சரிசெய்து மறுபரீட்சை' என்று இருந்தது. அக்காவுக்கு வெட்டும் வேலை, தினக்கூலி. என் பெயரைத் தேடினேன், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எங்கேயும் இல்லை.

மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவரை அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை.

"உன் மேல தப்பில்லம்மா. ஆபீசரும் அதைத்தான் சொன்னார். ஆனா நாலு பேர் எதிர்ல ஒரு ஆம்பளை கையைப் பிடிச்சு இழுத்தே. சர்க்கார் பேப்பரைப் பாழ் பண்ணினே. இவளோட வேலை செய்ய மாட்டோம்னு எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்? வேலை இருக்கு உன்கிட்ட, பொறுமைதான் இல்ல."

"யார் யார் சார் எழுதிக் கொடுத்தது?"

 அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பதினொரு கையெழுத்து இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நீல மையில், ஒரு கைநாட்டு.

அந்தக் கொட்டகையில் கையெழுத்து போடத் தெரியாதவள் ஒருத்திதான். மூன்றாம் அடுக்கில் அவள் முதலெழுத்தை அவளுக்காக எழுதியவள் நான்.

எழுந்தேன். "ஒரு உபகாரம்மா," என்றார் மாஸ்டர். "போறதுக்கு முன்னால இந்த டைம்டேபிளைத் தமிழ்லயும் கன்னடத்துலயும் நல்லா எழுதிக் கொடுத்துட்டுப் போ. உன் கையெழுத்து யாருக்கும் வராது."

வாங்கிப் பார்த்தேன். புதன், சனி இரண்டு நாளும் மரவேலையும் தேய்ப்பு வேலையும் மட்டும், அன்றைக்கு யாரும் அடுக்கு போடக் கூடாது. ஆண்கள் எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டுமல்லவா, அதனால் வாரத்தில் இரண்டு நாள் படகு காத்திருக்குமாம். எண்ணெய்க் குளியலையே விட்டுவிட்டு வந்து நின்ற எனக்காக அழிக்க முடியாத கரும்பலகை அவர்களுக்காக அழிந்துவிட்டது. செவ்வாய், வெள்ளி பெண்கள் வெட்டும் மேஜையில் என்பது மட்டும் அப்படியே இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பாஷையிலும், ஒரு அடித்தல் இல்லாமல், முத்து முத்தாக. மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டாமா? ஆயிரம் தடவை என்னை நானே கேட்டுக்கொண்டாயிற்று. இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எழுதி முடித்து மை காயும்வரை ஊதி வேறு கொடுத்தேன்.

அப்பாவிடம், ஆள் குறைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். அவருடைய தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்தேன். அதில் மூன்று வயிறும் எப்படியோ நிறைந்தது, பிறகு எனக்குக் கல்யாணமும் ஆனது. அக்காவை ஒரு தடவை மார்க்கெட்டில் பார்த்தேன். கையெல்லாம் சிவந்து தடித்துக் கிடந்தது, வெட்டும் மேஜையின் அரிப்பு. "ரெண்டு புள்ளைங்கடி எனுக்கு," என்றாள்.  நியாயம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அவளோடு நான் பேசவில்லை, அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் அல்சூர் ஏரிக்குக் கூட்டிப்போனார். பரீட்சைக்குக் கட்டிய படகுகளை ஏரிக்கே கொடுத்திருந்தார்கள், காசு கொடுத்தால் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். ஏறி உட்கார்ந்ததும் இடது பக்கம் பார்த்தேன். கை அகலத்துக்கு அறுத்து ஒட்டிய இடம் தெரிந்தது. உரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு, புதிதாக நாலாம் அடுக்கு போட்டிருந்தார்கள். நாங்கள் போட்ட மூன்றாம் அடுக்கை யாரும் தொடவில்லை, தொட வேண்டியிருக்கவில்லை. பிசினுக்கு அடியில், கண்ணாடிக்குள் வைத்த மாதிரி என் எழுத்து இருந்தது. அந்தப் படகை வைத்துத்தான் தச்சர் மறுபரீட்சையில் தேறினார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இன்னாது அது, ஏதோ எழுதிக்கீது?" என்றார் வீட்டுக்காரர்.

 முந்தானையில் முடிந்திருந்த ஒரு காசை எடுத்து அந்த எழுத்தின் மேல் தட்டினேன். ணங் என்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினேன். அங்கேயும் ணங். நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். படகோட்டி துடுப்பை நிறுத்தினான்.

"ஏம்மா, தட்டாதீங்கம்மா. ஒடஞ்சிகிடஞ்சி போவப் போவுது."

"ஒடையாதுப்பா," என்றேன். "பரீட்சையில பாஸான படகு."